கடை என்பது ஒரு கிழமை

(தருமபுரியில் ஒரு நூலக அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். இந்த வெயிலில் பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை நான் வீணாக்கக் கூடாது.

வெள்ளைக்காரன் காலத்தில் நம் பக்கத்துக் கடைகளும் தொழில்களும் எப்படி இருந்தன என்று பேசச் சொன்னார்கள். யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது என் ஆயா, அப்பாவைப் பெற்றவர், பேசிய பேச்சு. "கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. உப்பு தீர்ந்தால் "செவ்வாக்கெழம பாத்துக்கலாம்" என்பார். செவ்வாய் என்றால் காரிமங்கலம் சந்தை. அவருக்குக் கடை என்பது ஒரு கட்டடம் இல்லை, ஒரு கிழமை. நான் இன்று சொல்ல வந்ததும் இதுதான். மழையை நம்பிக் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளைவித்த இந்த வறண்ட சீமையில், ஒரு ஊருக்கு ஒரு கடை என்று வைத்தால் அது பிழைக்காது. ஆகவே சரக்கு நடந்தது, வியாபாரி நடந்தார், ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி, செவ்வாய் காரிமங்கலம், வெள்ளி குந்தாரப்பள்ளி என்று வாரம் முழுக்கக் கடைவீதியே ஊர் ஊராக நகர்ந்தது. கிருஷ்ணகிரியில் பழையபேட்டை என்கிறோமே, அந்தப் 'பேட்டை' என்ற சொல்லே வணிகர் வந்து தங்கிச் சரக்கு இறக்கிய இடத்தைக் குறிப்பதுதான்.

இந்தச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது 1792இல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில். திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் என்ற நம் பகுதியை வாங்கினார்கள். ஓசூர்ப் பக்கம் 1799க்குப் பிறகு சேர்ந்தது. நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே தருமபுரியில் இருந்து வேலை பார்த்தவர். உழவரிடமே அரசு நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே உருவெடுத்தது என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. நிலத்தை அளந்த அதே கையால் தொழிலையும் எண்ணினார்கள் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. எத்தனை தறி, எத்தனை செக்கு, எத்தனை கடை என்று எழுதி வைத்தார்கள். எதற்கு? வரி போட. உழவர் நிலவரி கட்டினார். நிலமில்லாத நெசவாளரும் செக்காட்டிய வாணியரும் கடைக்காரரும் 'மோத்தர்பா' என்ற தொழில்வரி கட்டினார்கள்.

வரி வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று சொல்ல மாட்டேன். சோழர் கல்வெட்டிலேயே தறியிறை உண்டு, செக்கிறை உண்டு. ஆனால் தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தறிக்கு வரி என்றால், மான்செஸ்டர் துணி சந்தைக்கு வந்த பிறகு அந்த வரியின் கனம் எப்படி இருந்திருக்கும்! வேலையே இல்லாத கருவிக்கு ஒரு மனிதன் காசு கட்ட வேண்டும். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இந்த வரி ஒழிந்தது. அதற்குள் எத்தனை வீட்டில் தறிக்குழி மூடப்பட்டது என்பதை யாரும் எண்ணி எழுதி வைக்கவில்லை.

ஒரு செடியைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர் ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோம், பூவைக் காயவைத்துக் கஷாயம் வைக்கிறோம். நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தச் செடியை நம்பி இரண்டு பெரிய தொழில்கள் நின்றன. ஒன்று தோல் பதனிடுவது. மாகாணம் முழுக்கத் தோலைப் பதமாக்கியது ஆவாரம்பட்டைதான். அந்தத் தோல் கப்பலேறியது. இன்னொன்று இரும்பு. தீர்த்தமலைப் பக்கம் இரும்புத் தாது உண்டென்பது அரூர்க்காரர்களுக்குத் தெரியும். தாதைக் கரியோடு சேர்த்துச் சின்ன மண் உலையில் உருக்கி இரும்பெடுத்தார்கள். அந்த இரும்புத் துண்டை மண்மூசை என்ற சின்ன மண்குடுவையில் வைத்து, காய்ந்த ஆவாரங்குச்சியும் பச்சை இலையும் போட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் ஏற்றினால் எஃகு. உலகம் முழுக்கப் பேர் வாங்கிய சேலத்து எஃகின் செய்முறை இதுதான். செடியில் உள்ள கரி இரும்பில் இறங்குகிறது என்று வேதியியல் ஆசிரியர் விளக்குவார். உலைக்காரர் அதை விளக்கவில்லை, செய்தார்.

ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் இதைப் பார்த்து, சேலத்துத் தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலையே போட்டார். அது நிலைக்கவில்லை. ஆனால் இங்கிலாந்திலிருந்து சீமை இரும்பு மலிவாக வந்து இறங்கியதும் நம் மண் உலைகளும் அணைந்தன. கொல்லர் பட்டறை அணையவில்லை, அதைக் கவனியுங்கள். கலப்பைக் கொழு வேண்டும், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா வேண்டும். இரும்பு எடுப்பவர் போனார், இரும்பு அடிப்பவர் நின்றார். பழைய தொழில் அழிந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோமே, அது போதாது. எந்தக் கண்ணி அறுந்தது, எது தாக்குப்பிடித்தது என்று பார்க்க வேண்டும்.

உப்புக்கு வருகிறேன். நமக்குக் கடல் இல்லை. உப்பைக் கழுதையிலும் பொதிமாட்டிலும் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு நடந்து வந்து, ஊர் ஊராக இறக்கி, பதிலுக்குத் தானியம் வாங்கிப் போனவர்கள் குறவர்கள். உப்புக்குறவர் என்றே ஒரு பிரிவுக்குப் பெயர். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகமானது. 1860ஐ ஒட்டிச் சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, மொரப்பூர், சேலம் வழியாக ரயில் போனது. மூட்டை மூட்டையாக உப்பு ஸ்டேஷனில் இறங்கும்போது பொதிமாட்டுக்கு என்ன வேலை? பிழைப்பை இழந்து அலைந்த அந்த மக்கள்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு விழுந்தது. நடந்து வியாபாரம் செய்ததுதான் அவர்கள் வாழ்க்கை. அந்த நடையையே குற்றத்தின் அடையாளமாக்கி, போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகிக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். 1947இல்தான் இந்த மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தானது. நம் தாத்தா பாட்டி களிக்குப் போட்ட உப்பைச் சுமந்து வந்தவர்கள் அவர்கள். இதைச் சொல்லாமல் வணிக வரலாறு பேசக் கூடாது என்று நினைக்கிறேன்.

சந்தையில் கம்பளி விற்றவர்கள் குறும்பர்கள். ஆடு அவர்களுடையது, நூற்பு அவர்களுடையது, நெசவும் அவர்களுடையது. ஓசூர்க் குளிருக்கு அந்தக் கறுப்புக் கம்பளி இல்லாமல் காவலுக்குப் போக முடியாது. மாட்டுச் சந்தையில் பென்னாகரம் காட்டில் பட்டி போட்டு வளர்த்த ஆலம்பாடி மாட்டுக்குத் தனி மரியாதை. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கைமேல் போட்டு, உள்ளே விரல் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் விலை தெரியாது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நாலு பாஷை புழங்கும் சந்தைக்கு அந்த விரல்தான் பொதுப் பாஷை.

அளவையில்தான் ஏழை ஏமாந்தார். ஒரு மணங்குக்கு எட்டு வீசை, ஒரு வீசைக்கு நாற்பது பலம். நிறுவையில் கணக்கு நேராக இருக்கும். தானியம் அப்படி இல்லை, வள்ளத்திலும் படியிலும் முகந்து கொட்டுவது. அறுப்புக் காலத்தில் குடியானவரிடம் வாங்கும்போது படியைக் குவித்து அளப்பது, பஞ்சத்தில் அதே குடியானவருக்குக் கடன் கொடுக்கும்போது தலைதட்டி அளப்பது. படி ஒன்றுதான், கை இரண்டு. கடை வைத்தவரே கடனும் கொடுத்தார் என்பதால் எதிர்த்துக் கேட்க முடியாது.

பஞ்சம் என்றேன். தாது வருஷத்துப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் நாம் எல்லோரும் இருந்தோம். 1871 கணக்கெடுப்பில் மாவட்டத்து மக்கள் ஏறத்தாழ 19.67 லட்சம். பத்து வருஷம் கழித்து ஏறத்தாழ 16 லட்சம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னால் அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை. ரயில் மொரப்பூருக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகியும் இது நடந்தது.

அந்த நினைப்பில்தான் பிறகு குட்டி ரயில்கள் வந்தன. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல், தருமபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக ஓசூருக்கு 1913இல். பஞ்சத்தில் தானியம் உள்ளே வரப் போட்ட பாதையில் புளியும் ஆமணக்கும் வெளியே போயின, சீமெண்ணெய் உள்ளே வந்தது. நாலு கேலன் சீமெண்ணெய் டின்! எண்ணெய் தீர்ந்ததும் அதில் தண்ணீர் சுமந்தார்கள், தானியம் கொட்டினார்கள், வெட்டி விரித்துக் கூரைக்கும் வைத்தார்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கு அதோடு மங்கியது. நல்லெண்ணெய் சமையலுக்கு வேண்டியிருந்ததால் செக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் சுற்றியது.

கடைக்கும் சந்தைக்கும் வராத தொழில்கள் ஊருக்குள் இருந்தன. தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலைக்குத் தோல் தும்பி தைத்துக் கொடுத்தவர். இவர்களுக்குக் காசு கிடையாது. களத்தில் மேரை என்று ஒரு பங்கு தானியம். இதைச் சிலர் இப்போது உருகி உருகிப் பேசுகிறார்கள். எனக்கு அந்த உருக்கம் வரவில்லை. தும்பி தைத்தவர் களத்துக்கு வெளியே நின்று, மீந்ததைத் துண்டில் ஏந்தினார். வேலை பிடிக்காவிட்டால் விட்டுப் போக அவருக்கு வழியில்லை, ஏனென்றால் கூலி அடுத்த அறுப்பில்தான். 1880களில் கோலார் தங்கவயல் ஆள் எடுக்கத் தொடங்கியபோது நம் பக்கத்திலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் ஏன் அவ்வளவு பேர் அந்தப் பாதாளத்தில் இறங்கினார்கள்? அங்கே கூலி காசாகக் கைக்கு வந்தது. காசு யாரிடமிருந்து வந்தது என்று சந்தைக்கடைக்காரர் கேட்கவில்லை.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். நம் ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். ஏலம் எடுத்து நடந்த கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் ஒரே நாளில் மூடின. மரமேறிகள் பிழைப்பு போனது; குடும்பத்துப் பெண்கள் கையில் சந்தைச் செலவுக்குக் காசு மிஞ்சியது. அரசுக்கு விழுந்த வருமான ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரி வந்தது. இன்றைக்கு ஒவ்வொரு பில்லிலும் நாம் கட்டும் வரிக்கு மூத்த வரி அது. நம் ஊரில் மூடிய கள்ளுக்கடையிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது.

மொரப்பூர்–ஓசூர்க் குட்டி ரயில் 1941இல் நின்றது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனை நம்பி வைத்த கடைகள் ஓய்ந்தன. போச்சம்பள்ளிச் சந்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூடியது, போன ஞாயிற்றுக்கிழமையும் கூடியது.

என் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி இருக்கிறது. பஞ்சாங்கத்தில் பார்த்தேன், அது சனிக்கிழமை. ஆயாவோ கடைசிவரை, "காரிமங்கலம் சந்தைக்கு மறுநா பொழுது விடியறப்ப பொறந்தான், வாங்கியாந்த வெல்லம் பொட்டணம்கூடப் பிரிக்கல" என்றுதான் சொன்னார். அப்பா பிறந்தது புதன்கிழமை என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வணக்கம்.