ஆரத்தித் தட்டில் ஒரு லிட்மஸ் தாள்: சீயக்காயின் வேதியியல்

[காட்சி: எவர்சில்வர் தட்டில் மஞ்சள் தண்ணீர். ஒரு துளி சுண்ணாம்பு விழுகிறது. தட்டு முழுக்கச் சிவப்பு.]

கல்யாண வீட்டு வாசலில் சுற்றுவார்களே, அதே ஆரத்திதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின், சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் சிவக்கும். அமிலம் பட்டால் மஞ்சளாகவே இருக்கும். வீட்டில் தலைக்குத் தேய்ப்பதை எல்லாம் சோதிக்க இது போதும்.

[காட்சி: மஞ்சள் பூசிக் காயவைத்த வெள்ளைத் தாள் துண்டுகள்.]

முதல் துண்டில் சாதாரணக் குளியல் சோப்புக் கரைசல், ஒரே சொட்டு. பாருங்கள், செங்கல் நிறம். அடுத்ததில் சீயக்காய்த் தண்ணீர். லேசாகப் பழுப்பு ஒட்டுகிறது, ஆனால் சிவக்கவில்லை. கடை ஷாம்புவையும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பலதும் சிவக்காது. தலைக்கு ஒத்துவராதது சோப்புதான்.

காரணம் இது. ஒன்று அமிலமா காரமா என்று சொல்வது பிஎச் அளவு. அதில் 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். நம் தோலின் மேற்பரப்பு 5ஐ ஒட்டி, லேசான அமிலமாக இருக்கும். சோப்பு 9 முதல் 10 வரை. ஒரு எண் கூடினால் பத்து மடங்கு என்பதால், 5க்கும் 9க்கும் நடுவில் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்!

[காட்சி: ஓட்டு வீட்டுக் கூரை. அப்படியே ஒரு தலைமுடியின் நுண்ணோக்கிப் படமாக மாறுகிறது.]

முடியின் மேல்தோலும் இந்தக் கூரை மாதிரிதான், செதில்மேல் செதிலாகப் படிந்திருக்கும். காரம் பட்டால் முடி ஊதி, செதில்கள் தூக்கிக்கொள்ளும். ஒன்றோடொன்று உரசிச் சிக்கு விழும்.

சரி, காரமே இல்லாமல் சீயக்காய் எப்படி எண்ணெயை எடுக்கிறது? அதில் சப்போனின் இருக்கிறது. அந்த மூலக்கூறின் சர்க்கரைப் பக்கம் தண்ணீரைப் பிடிக்கும், மறுபக்கம் எண்ணெயைப் பிடிக்கும். எண்ணெயைச் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு இழுத்துப் போய்விடும். சோப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் போர்த் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு திரிந்துபோகும். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். தலையிலும் அது படியும்.

[காட்சி: தேங்காய் எண்ணெய்க் கிண்ணம்.]

குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அதன் கொழுப்பு அமிலங்களில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். சிறியது, நேரானது, அதனால் முடிக்கு உள்ளேயே நுழையும். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் குறைக்கவில்லை.

அப்புறம் எலுமிச்சை. தயவுசெய்து முகத்தில் நேராகத் தேய்க்காதீர்கள். அதன் பிஎச் 2 முதல் 3 வரை. மஞ்சள் தாள் சிவக்கவில்லை என்பதற்காகத் தோலுக்கு நல்லது என்று ஆகிவிடாது. எலுமிச்சை வகைப் பழங்களில் இருக்கும் ஃபுரோகூமரின்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். கொப்புளம் போனாலும் கருந்தடம் மாதக்கணக்கில் நிற்கும்.

[காட்சி: மூடியைத் திறந்த கிண்ணம். முந்தாநாள் கரைத்த சீயக்காய். மேலே சின்னச் சின்னக் குமிழ்கள்.]

தூளாக, ஈரம் படாமல் இருந்தால் சீயக்காய் மாதக்கணக்கில் கெடாது. தண்ணீரோ கஞ்சியோ சேர்த்த நிமிடம் கிருமிகளுக்குச் சாப்பாடு ரெடி. கடைச் சரக்கில் அதைத் தடுக்கப் பதப்படுத்தும் பொருள் இருக்கும், நம் கிண்ணத்தில் இல்லை. இந்தக் கிண்ணம் புளித்த வாடை அடிக்கிறது. இதை வாழை மரத்தடியில் கொட்டிவிட்டு, இன்றைக்கு வேண்டிய இரண்டு கரண்டித் தூளைப் புதிதாகக் கரைக்கிறேன்.