மூக்குக் கண்ணாடிக்குப் 11 கடிதம்

நேயர்களுக்கு வணக்கம். விவாகரத்து வழக்குக்கோ குழந்தையை யார் வளர்ப்பது என்ற வழக்குக்கோ வக்கீல் தேடுகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். 28 வருஷம் இந்த வழக்குகளோடு மாரடித்தவன் நான். கொடுத்திருப்பதோ ஐந்து நிமிஷம். பார்ப்போம்.

என்னிடம் வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது, "சார், கோர்ட்ல நல்லா சண்டை போடுவீங்களா?" என்பதுதான். நொந்துபோய் வருகிறவருக்குத் தன் பக்கம் ஒரு புலி நின்றால் தேவலை என்றிருக்கும். நானும் ஒரு காலத்தில் புலிதான். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தம்பதி, ஒன்பது வயதுப் பையன். வாரத்தில் நாலு நாள் அம்மா வீடு, மூன்று நாள் அப்பா வீடு என்று இடைக்கால உத்தரவு. நான் அப்பாவின் வக்கீல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனின் மூக்குக் கண்ணாடி அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒரு போன் போட்டால் தீர்ந்திருக்கும். வேண்டுமென்றே ஒளித்து வைத்தார்கள் என்று அம்மாவின் வக்கீல் கடிதம் அனுப்பினார். நான் சும்மா இருப்பேனா? பையனின் சாமான்களைச் சரிபார்த்துக்கொள்வது தாயின் பொறுப்பு என்று சுடச்சுடப் பதில் எழுதினேன். அவர் ஒன்று, நான் ஒன்று. மொத்தம் 11 கடிதம், மூன்று வாரம். நீதிபதி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளும் பையன் போர்டில் எழுதியதை எப்படிப் படித்தான்?" என்று கேட்டார். எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அவன் எந்த வகுப்பு என்றுகூட எனக்குச் சட்டென்று வரவில்லை. கேட்டிருந்தால்தானே!

அன்றிலிருந்து எல்லோரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறேன். முதல் சந்திப்பில் வக்கீல் என்ன வாக்குக் கொடுக்கிறார் என்று பார்க்காதீர்கள், என்ன கேட்கிறார் என்று பாருங்கள். காலையில் குழந்தையை எழுப்புவது யார், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது யார், பள்ளிக்கூடத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், குழந்தை என்ன சொல்கிறது? இவற்றைக் கேட்கிறவர் வேலை தெரிந்தவர். குழந்தையின் நலனை முதன்மையாகப் பார்க்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை சொல்கிறது. விவரம் தெரியும் வயதுக் குழந்தையின் கருத்தையும் கேட்கச் சொல்கிறது. உங்கள் துணையின் குற்றப்பட்டியலை மட்டும் ஆவலாக எழுதிக்கொள்கிற வக்கீல், நீதிபதி பார்க்கப்போவதை விட்டுவிடுகிறார். "நிச்சயம் ஜெயித்துவிடலாம்" என்று முதல் நாளே சொன்னாரா? நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தகுதி? அது சுலபம். வழக்கறிஞர் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று விசாரியுங்கள். அப்புறம் நேராகவே கேளுங்கள்: உங்கள் வேலையில் குடும்ப வழக்கு எவ்வளவு, என் வழக்கு நடக்கப்போகிற கோர்ட்டில் வாதாடியிருக்கிறீர்களா, வாய்தா அன்று வந்து நிற்கப்போவது நீங்களா உங்கள் ஜூனியரா? ஜூனியர் வருவது தப்பில்லை. முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஃபீஸை எழுத்தில் வாங்குங்கள். கடிதத்துக்குத் தனி ஃபீஸா என்று மறக்காமல் கேளுங்கள். அந்தக் கண்ணாடிக் கடிதங்களுக்கு நான் வாங்கியதில் நாலைந்து கண்ணாடி வாங்கியிருக்கலாம்! ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று யாராவது பேரம் பேசினால் உஷாராகிவிடுங்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகள் அதைத் தடுக்கின்றன. இந்தியாவில் எந்த வழக்கிலும் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது. இன்னொன்று, செலவு மிச்சம் என்று கணவன் மனைவி இருவரும் ஒரே வக்கீலை வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அவர் யார் பக்கம் நின்று யோசனை சொல்வார்?

சண்டை என்றேனே, சண்டையில்லாத வழியும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஸ்டூவர்ட் வெப் என்ற வக்கீல் 1990-இல் ஒரு முறையைத் தொடங்கினார். இரு தரப்பு வக்கீல்களும் பேசித் தீர்ப்பதற்கு மட்டுமே வருவார்கள். பேச்சு முறிந்து வழக்கு கோர்ட்டுக்குப் போனால் இரண்டு பேருமே விலகிவிட வேண்டும், கட்சிக்காரர்கள் வேறு வக்கீல் பார்க்க வேண்டும். சண்டை பெருத்தால் வக்கீலுக்கு வேலை போய்விடும்! இது இருந்திருந்தால் நான் இரண்டாவது கடிதமே எழுதியிருக்க மாட்டேன். ஆனால் வீட்டில் அடி உதை இருந்தால், பயத்தோடு வாழ்கிறீர்கள் என்றால், இந்தச் சமரசப் பேச்சு உங்களுக்கு இல்லை. முதலில் பாதுகாப்பு உத்தரவு கேட்கிற வக்கீலைப் பிடியுங்கள். அங்கே புலி வேண்டியதுதான்.

அதோ, ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். வெளிநாட்டு விஷயத்தை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்றோரில் ஒருவர் குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் உள்ளூர் அனுபவம் மட்டும் போதாது. அப்படிக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்கிற 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, அதில் சேர்ந்த நாடுகளுக்கிடையே, 16 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான். குழந்தையைத் திரும்பக் கேட்டு மனுப் போடாமல் ஒரு வருஷம் போய்விட்டால், குழந்தை புது இடத்தில் ஊன்றிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் அந்த மனுவைப் போட்டுப் பழகியவரை அந்த வாரமே பாருங்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது திருமணச் சான்றிதழ், வருமானக் காகிதங்கள், குழந்தையின் பள்ளி, மருத்துவ ரசீதுகள், நடந்ததெல்லாம் தேதிவாரியாக ஒரே பக்கத்தில்… ஒரு பக்கம் போதும், நோட்டுப் புத்தகம் வேண்டாம். நடுவில் வக்கீலை மாற்றுவது பற்றியும் குறிப்பு வைத்திருந்தேன். மாற்றலாம், அது உங்கள் உரிமை. விளக்கு சிவந்துவிட்டது. வணக்கம்.