எக்ஸ்ரே நார்மல், கழுத்து மட்டும் திரும்பவில்லை

வணக்கம் மக்களே. எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறேன். முன்னால் பாருங்கள், ஹார்பருக்குப் போகிற டிரெய்லர் வரிசை. இது நகர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். அதற்குள் உங்களில் பலர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "அண்ணே, ஏன் தலையைத் திருப்பாம உடம்போட சேர்ந்து திரும்புறீங்க?"

எட்டு மாதம் முன்னால், இதே ரோட்டில் தண்டையார்பேட்டைப் பக்கம் சிக்னலில் நின்றிருந்தேன். ஒரு வேன் பின்னால் வந்து இடித்தது. பெரிய இடி இல்லை. டிக்கி நசுங்கியது, பம்பர் தொங்கியது, டாஷ்போர்டு பிள்ளையார் காலடியில் வந்து விழுந்தார். இறங்கிப் போய் சண்டைகூடப் போட்டேன். கழுத்து அப்போது நன்றாகத்தான் திரும்பியது. மறுநாள் காலையில் பல் தேய்த்துவிட்டுத் துப்பக் குனிந்தேன் பாருங்கள், குனியவே முடியவில்லை. நிமிர்ந்தபடியே துப்பி பனியன் எல்லாம் நுரை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நல்லா இருக்கு, ஒண்ணுமில்ல." மாத்திரையும் ஒரு கழுத்துப் பட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். அந்த "ஒண்ணுமில்ல" எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "ரத்தமே வரல, உனக்கு இன்னாடா வலி?" என்று அத்தை கேட்டார். மூன்றாம் மாதம் தெருவில் வேறு பேச்சு. இன்சூரன்ஸ் பணத்துக்காகக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரிகிறேனாம். நான் கேஸே போடவில்லை மக்களே.

அக்கா மகள் பிசியோதெரபி படிக்கிறாள். அவள்தான் ஒரு ஆராய்ச்சியை எடுத்துக் காட்டினாள். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சாமுவேல் மெக்லீன் என்று ஒரு டாக்டர். எமர்ஜென்சி வார்டுக்காரர். கார் விபத்தில் சிக்கி, எட்டு எமர்ஜென்சி வார்டுகளுக்கு வந்து, அங்கிருந்து நேராக வீட்டுக்கு அனுப்பப்பட்ட 948 பேரை அவருடைய குழு பின்தொடர்ந்தது. அதாவது, என்னைப் போல "ஒண்ணுமில்ல" ஆசாமிகள். ஆறு வாரம் கழித்தும் அதில் நிறையப் பேருக்கு வலி போகவில்லை. வழக்குப் போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். போடாதவர்களுக்கும் வலி இருந்தது. இதை அத்தையிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். "அமெரிக்காக்காரன் சொன்னா சரிதான்" என்றார். நான் சொன்னபோது அது சரியில்லை.

அந்த 948 பேரும் வெள்ளைக்காரர்கள். கறுப்பின மக்களை வைத்துத் தனியாக இன்னொரு ஆய்வு செய்தார்கள். நம்ம ஊர்க் கழுத்தை யாராவது எண்ணினால் நன்றாக இருக்கும்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், வலி எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதற்கும் இடி எவ்வளவு பலம் என்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லையாம். என் வண்டியை வைத்தே சொல்கிறேன். பம்பரை மாற்றிய பிறகு ரிவர்ஸ் சென்சார் ஒழுங்காக வேலை செய்யவில்லை. பின்னால் ஒன்றுமே இருக்காது, பீப் பீப் என்று கத்தும். சத்தம் பொய் இல்லை, காதில் கேட்கிறது. சுவர்தான் இல்லை. விபத்தின் அதிர்ச்சியில் அட்ரினலின், கார்ட்டிசால் என்கிற பதற்ற ஹார்மோன்கள் எல்லாம் ஏறி இறங்கும்போது சிலருக்கு நரம்பும் மூளையும் இப்படி ஆகிவிடலாமாம். சாதாரண அசைவைக்கூட ஆபத்து என்று படிக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், இது தெரியாது.

2017-இல் தொடங்கிய அரோரா என்ற இன்னொரு ஆய்விலும் மெக்லீன்தான் முன்னணி. விபத்து நடந்து 72 மணி நேரத்துக்குள் ஆளைச் சேர்த்து, ரத்தம் எடுத்து, கையில் வாட்ச் கட்டி, போனிலும் தொடர்ந்து கவனித்தார்கள். வலி, தூக்கம், பயம், மனச்சோர்வு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் நோக்கம். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் ஏர் பிரேக் 'புஸ்' என்று விட்டால் என் இரண்டு தோளும் காதுவரை ஏறும். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு. மறுநாள் கழுத்து கல். தனித்தனி வியாதி என்று நினைத்திருந்தேன்.

நம்ம அரசு 2021 டிசம்பரில் கொண்டுவந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தின் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தருகிறது. உயிர் காக்கிற திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் கதை 48 மணி நேரம் முடிந்த பிறகுதான் சூடுபிடித்தது. அதற்கு ஒரு போன் போட்டு "தூங்குறியாப்பா?" என்று கேட்க ஆள் இருந்தால் போதும்.

அப்புறம் அந்தப் பட்டை. ஐந்து வாரம் கழற்றவே இல்லை. அக்கா மகள் தலையில் அடித்துக்கொண்டாள். எலும்பு முறிவு இல்லாத கழுத்தை அசையாமல் கட்டிவைப்பதைவிட, சீக்கிரம் வழக்கமான அசைவுக்குத் திரும்புவதே நல்லது என்று 1995-லேயே கனடாவில் கியூபெக் நிபுணர் குழு சொல்லிவிட்டதாம். இப்போது பட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ அது வேறு விஷயம். உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

இன்னொன்று, ஹெட்ரெஸ்ட். நான் துண்டு போடுவதற்காகக் கீழே இறக்கியே வைத்திருந்தேன். அதன் உச்சி உங்கள் தலையின் உச்சி அளவுக்கு இருக்க வேண்டும், பின்மண்டைக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். இப்போதே கையை வைத்துப் பாருங்கள்.

தினமும் காலையில் கண்ணாடி முன்னால் தாடையை உள்ளே இழுத்து, பத்துத் தடவை இரண்டு பக்கமும் திரும்புகிறேன். வலது பக்கம் முழுசாக வந்துவிட்டது. இடது பக்கம்... இருங்கள், காட்டுகிறேன். போன மாதம் பின் கதவின் கைப்பிடிவரைதான் தெரிந்தது. இப்போது பின் கண்ணாடியின் ஓரம் தெரிகிறது. அதில் ஒட்டியிருக்கும் எலுமிச்சை ஸ்டிக்கரில் பாதி.

(பின்னாலிருந்து ஹாரன்)

சரி சரி, வரிசை நகருகிறது. தம்பி, பின்னால் கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா, ரிவர்ஸ் எடுக்கணும்.