நாரதர் இன்று அட்மிஷன் டூட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

ஊரில் ஒரு நாடகக் குழு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை, கோயில் கொடையை ஒட்டியோ பொங்கலை ஒட்டியோ வள்ளி திருமணம் போடுகிறார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வேலன், தையல் கடைக்காரர் பபூன், எழுபது வயதைத் தாண்டியவர் ஆர்மோனியம். நல்ல குரல் உள்ள பிள்ளை ஒருவர் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறார். அவருக்கு நாரதர் வேஷம் கொடுக்கலாமா? கொடுத்தால் ஒத்திகைக்கு வருவாரா? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். சேர்ந்து ஒத்திகை பார்க்காமலே ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடத்திவிடுவார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவர் கட்டிக்கொடுத்த பாட்டும் வசனமும் இன்றைக்கும் அவர்களுக்கு மனப்பாடம். நாம் ஆசைக்கு நாடகம் போடுகிறவர்கள். நமக்கு ஒத்திகை இல்லாமல் ஆகாது.

முதலில் ஹவுஸ் சர்ஜன் வருஷம் எப்படிப் போகிறது என்பதைக் குழுவில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிப்படி அது பன்னிரண்டு மாதப் பயிற்சி. சமூக மருத்துவத்தில் 12 வாரம், மகப்பேறில் 7 வாரம், பொது மருத்துவத்தில் 6, பொது அறுவையில் 6, குழந்தைகள் பிரிவில் 3, கண், காது மூக்கு தொண்டை, எலும்பு முதலியவற்றில் இரண்டிரண்டு வாரம் என்று துறை மாறிக்கொண்டே இருக்கும். வருஷம் முழுவதற்கும் விடுப்பு 15 நாள்தான். அதற்கு மேல் எடுத்தால் அந்தப் போஸ்டிங்கை மறுபடி பார்க்க வேண்டிவரும். ஆகவே “ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வாப்பா” என்று கேட்பதற்கு முன்னால், கேட்பது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

போஸ்டிங் எல்லாம் ஒரே மாதிரி பாரம் இல்லை. மருத்துவம், அறுவை போன்ற பெரிய துறைகளில் ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது மருத்துவர் குழுவுக்கும், வாரத்தில் ஒரு அட்மிஷன் நாள் உண்டு. அன்று வருகிற நோயாளிகள் அத்தனை பேரும் அந்த யூனிட்டின் பொறுப்பு. ரத்தம் எடுப்பது, வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற நரம்பில் விடும் குழாய்) போடுவது, கேஸ் ஷீட் எழுதுவது, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது, லேப் ரிப்போர்ட் வாங்கி வருவது எல்லாம் ஹவுஸ் சர்ஜன் தலையில்தான் விழும். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் முடித்துத்தான் கிளம்ப முடியும். அதனால் அட்மிஷன் நாளும் போச்சு, மறுநாளும் பாதி போச்சு. பிரசவ வார்டில் கையில் இருக்கிற கேஸ் முடியாமல் நகர முடியாது. மாறாக, கண், தோல், காது மூக்கு தொண்டைப் பிரிவுகளில் பெரும்பாலும் சாயங்காலம் கிடைக்கும். சமூக மருத்துவப் போஸ்டிங்கில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்கள். நேரம் ஒழுங்கு, ஆனால் இடம் தூரம். சில கல்லூரிகளில் அங்கேயே தங்கவும் வேண்டும். நாடகம் அரங்கேறும் வாரம் எந்தப் போஸ்டிங்கில் விழுகிறது என்று வேஷம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மகப்பேறில் விழுந்தால் அந்த வருஷம் பாட்டு எழுதிக் கொடுங்கள், பின்பாட்டு பாடுங்கள், வேஷம் கட்டாதீர்கள்.

இப்போது ஒரு கணக்கு. செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரண்டு சாயங்காலம், பன்னிரண்டு வாரம், மொத்தம் 24 ஒத்திகை. நம் ஆளுக்கு முதல் ஆறு வாரம் பொது மருத்துவம், அதில் அவருடைய யூனிட்டுக்குச் செவ்வாய் அட்மிஷன். ஆறு செவ்வாயும் அடிபட்டது. அடுத்த இரண்டு வாரம் கேஷுவாலிட்டியில், அதாவது அவசரப் பிரிவில், ஷிஃப்ட். அதில் நான்குக்கு மூன்று போகும் என்று வையுங்கள். பிறகு பொது அறுவையில் முதல் நான்கு வாரம், எட்டுக்கு நான்கு போகும். ஆக 13 போய்விட்டது, மிச்சம் 11. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வார்டில் மாட்டிக்கொள்கிற நாள் இரண்டைக் கழியுங்கள், ஒன்பது. இருபத்து நான்கில் ஒன்பது! இதை முதல் நாளே நோட்டில் எழுதி எல்லாரும் பார்த்துவிட்டால் மனஸ்தாபம் வராது. முதல் ஆறு வாரத்துக்குச் செவ்வாயை வியாழனாக மாற்றினால் ஆறு ஒத்திகை திரும்பக் கிடைக்கிறது. புதனுக்கு மாற்றாதீர்கள், அட்மிஷன் முடித்து வந்தவர் புதன் சாயங்காலம் உட்கார்ந்த இடத்தில் தூங்குவார்.

சரி, ஒன்பதோ பதினைந்தோ, இதற்குள் அடங்குகிற வேஷம் எது? பல குழுக்கள் இங்கேதான் தப்புப் பண்ணுகின்றன. “பாவம், நேரமில்லாத பிள்ளை” என்று சின்ன வேஷமாகக் கொடுக்கிறார்கள். வேடர் கூட்டத்தில் ஒருவர், சேர்ந்து ஆடுகிற எட்டுப் பேரில் ஒருவர் என்று நிற்க வைக்கிறார்கள். இரக்கமாகத்தான் தெரியும், ஆனால் கணக்குத் தப்பு. எட்டுப் பேர் ஆடுகிற ஆட்டத்தில் ஒருவர் வராவிட்டால் ஏழு பேருக்கும் ஒத்திகை கெட்டது. இடம் மாறும், கை கோக்கிற ஆள் மாறும், வந்த அன்று எல்லாம் மறுபடி முதலிலிருந்து. நாரதர் வேஷத்தைப் பாருங்கள். பாட்டு நிறைய, வசனம் நிறைய, வள்ளியோடு தர்க்கம் நீளம். ஆனால் அந்தத் தர்க்கத்துக்கு நாரதர், வள்ளி, ஆர்மோனியம், மிருதங்கம் ஆகிய நான்கு பேர் கூடினால் போதும். ஞாயிறு மத்தியானம் கூட்டினாலும் நடக்கும், டூட்டி முடித்துத் தூங்கி எழுந்த பிறகு சாயங்காலம் ஆறரைக்குக் கூட்டினாலும் நடக்கும். ஆகவே வரிகளை எண்ணாதீர்கள், கூட நிற்கிற ஆட்களை எண்ணுங்கள்.

விருத்தம் இன்னும் தோது. தாளக்கட்டு இல்லை, ஆர்மோனியக்காரர் பாடுகிறவரின் பின்னால் வருவார். அதைத் தனியாகவே பழகலாம். தாளத்தோடு வரும் பாட்டுக்கு ஆர்மோனியத்தை மட்டும் போனில் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பாட்டாக வேண்டாம்; பல்லவி தனி, சரணம் தனி, முன்னால் பேசுகிறவரின் கடைசி வரி தனி. அந்தக் கடைசி வரிதான் எடுப்பு. சொந்த வரி எல்லாருக்கும் மனப்பாடமாகிவிடும், எடுப்புத் தெரியாமல்தான் மேடையில் விழிப்பார்கள். வார்டில் மட்டும் காதில் மாட்டிக்கொண்டு கேட்காதீர்கள். டிரிப் தீர்ந்து கூப்பிடுகிற அம்மாவின் குரல் கேட்காமல் போகும்.

தனியாகப் பழகுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்குகிறார். அவரை எழுப்பக்கூடாதென்று ஒரு கட்டைச் சுருதியில் தாழ்வாக முணுமுணுத்தே பழகுவார்கள். மேடையிலோ வள்ளி வேஷக்காரிக்குத் தோதாக நாலரைக் கட்டையில் ஆர்மோனியம் ஊதும். பழகாத உயரத்தில், பழகாத சத்தத்தில் முதல் சரணத்திலேயே தொண்டை கீறும். மெதுவாகத்தான் பாட முடியும் என்றால் பாடுங்கள், ஆனால் சுருதிப் பெட்டியை மேடைக் கட்டையிலேயே வையுங்கள். வாரத்தில் இரண்டு தடவையாவது மொட்டை மாடியில் முழுக் குரலில் பாடிப் பாருங்கள்.

குரலை ஒத்திகையைவிட வெளிநோயாளிப் பிரிவுதான் அதிகம் தின்கிறது. முகக்கவசத்துக்குள்ளிருந்து “டோக்கன் நாற்பத்தேழு, நாற்பத்தேழு!” என்று காலை முழுக்கக் கத்தியவர் சாயங்காலம் பாட வந்தால் குரலில் பாதிதான் மிச்சமிருக்கும். பெயரைக் கூப்பிடும் வேலையை ஆள் மாற்றிப் பாருங்கள். தொண்டையைக் கனைக்காதீர்கள், ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். குரலுக்கு ஓய்வு என்று குசுகுசுவென்று பேசுகிறார்கள். அது ஓய்வே இல்லை, தாழ்ந்த குரலில் இயல்பாகப் பேசுவதே மேல். பாடுவதற்கு முன் ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் விட்டு, ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரற்கடை முங்கும்படி வைத்து, குமிழி விட்டுக்கொண்டே “ஊ” என்று கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் ஐந்து நிமிஷம் இழுங்கள். குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் சூடேறும். கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டைப் பிரிவில் குரல்வளையைக் காட்டிவிடுங்கள்.

டூட்டியை மாற்றிக்கொள்வது பற்றி. நண்பனிடம் “எனக்காகப் பார்த்துக்கோ” என்று வாட்ஸப்பில் சொல்லிவிட்டுப் போவது மாற்றல் ஆகாது. யூனிட்டில் உள்ள பி.ஜி.க்கும் (மேற்படிப்பு மருத்துவர்) உதவிப் பேராசிரியருக்கும் முதல் நாளே தெரிய வேண்டும், ரோஸ்டரில் பெயர் மாறியிருக்க வேண்டும். கடனை முன்னாலேயே அடையுங்கள்: நாடகத்துக்கு முன்பே நண்பனின் ஒரு ராத்திரியை நீங்கள் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். கிளம்பும்போது பொறுப்பை எழுதிக் கொடுங்கள். உதாரணமாக: “14ஆம் பெட், மாலை ஆறு மணிக்குப் பொட்டாசியம் அனுப்பியிருக்கிறது, ஏழு மணிக்கு ரிப்போர்ட் வாங்கிப் பி.ஜி.யிடம் காட்டணும். 9ஆம் பெட், ஒரு யூனிட் ரத்தம் கேட்டிருக்கிறது, இன்னும் வரவில்லை, ஏழரைக்கு விசாரித்துப் பி.ஜி.யிடம் சொல்லணும். 22ஆம் பெட், எட்டு மணிக்கு அடுத்த டோஸ், கொடுத்ததும் நர்ஸிடம் சொல்லணும்.” படுக்கை எண், பாக்கி வேலை, மணி, யாரிடம் சொல்வது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். மாற்று ஆள் வார்டுக்குள் வந்து நின்ற பிறகுதான் நகர வேண்டும். பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான் என்பது வந்ததாகாது.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மங்குகிறது என்று 1990களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் விடுகிற எல்லை 0.03. அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களை ஆராய்ந்து 2005இல் வெளிவந்த ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட டூட்டியை முடித்து வீடு திரும்பும்போது விபத்துக்கான வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் இருந்தது. ஆகவே அட்மிஷன் முடித்த நாளில் ஒத்திகை இருந்தால் பைக் வேண்டாம், குழுவில் ஒருவர் போய் அழைத்து வரட்டும். மத்தியானம் ஒன்றரை மணி நேரமாவது படுத்து எழுந்த பிறகுதான் வர வேண்டும். இன்னொன்று, ஒத்திகைக் கொட்டகையின் டீ. அதைக் குறை சொன்னால் எந்தக் குழுவும் என்னை மறுபடி கூப்பிடாது. ஆனாலும், ராத்திரி ஒன்பதரைக்குக் குடிக்கிற டீயின் காஃபீன் ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். மறுநாள் காலை ஏழரைக்கு ஊசி பிடிக்கிறவருக்கு அந்த நேரத்தில் சுக்கு வெந்நீர் போதும்.

நோய் விஷயம். 2020 மார்ச் 10ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் என்ற பகுதியில், ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். கோவிட் கண்டவர்கள் 53 பேர், இருவர் இறந்தார்கள். வாய்விட்டுப் பாடும்போது மூச்சோடு எவ்வளவு வெளியே வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். காய்ச்சலோ இருமலோ கண்ட ஹவுஸ் சர்ஜன் அன்று ஒத்திகைக்கு வரக்கூடாது. அம்மை வார்டில் இருந்துவிட்டு உடம்பில் ஒரு கொப்புளம் தெரிந்தாலும் அப்படித்தான். கொட்டகையில் எழுபது வயது ஆர்மோனியக்காரரும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வார்டில் போட்ட உடுப்பை மாற்றிவிட்டு வாருங்கள்.

வேஷப் பொருத்தத்திலும் மருத்துவமனை தலையிடும். வேடன் வேஷத்துக்கென்று நிஜத் தாடி வளர்ப்பவர்கள் உண்டு. தாடி இருந்தால் என்.95 முகக்கவசம் கன்னத்தோடு ஒட்டாது, ஓரமாகக் காற்று புகும்; காசநோய் வார்டில் அது விளையாட்டில்லை. ஒட்டுத் தாடியே போதும். வள்ளிக்காக நகம் வளர்ப்பதும், ஒட்டு நகமும் வேண்டாம். நகம் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கைச்சுத்த விதி. அப்புறம் பபூன். அவர் விடாமல் கேட்பார், “ஆஸ்பத்திரியிலே ஏதாவது தமாஷ் நடந்திருக்குமே, சொல்லேன், மேடையிலே போட்டுடலாம்.” சொல்லக்கூடாது. ஊர் சின்னது, பெயரை மாற்றினாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அந்த வீட்டுக்காரர் தன்னை அடையாளம் கண்டுகொள்வார்.

இவ்வளவுக்குப் பிறகும் நாடகத்தன்று டூட்டி வரலாம். மாற்று நாரதர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பாட்டைத் தெரிந்தவராக மட்டும் இருந்தால் போதாது. கடைசி மூன்று முழு ஒத்திகையில் ஒன்றை அவரே நின்று நடத்தியிருக்க வேண்டும். எந்தப் பக்கம் நுழைவது, மைக் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் பாட்டுப் புத்தகத்தில் இருக்காது. ஹவுஸ் சர்ஜனின் பதினைந்து நாளில் மூன்றை நாடகத்துக்கு ஒதுக்கலாம்: கடைசி முழு ஒத்திகை, நாடக நாள், அதற்கு மறுநாள். மறுநாளை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆசைக் குழு என்றாலும் திரை விழ நள்ளிரவு தாண்டும், வேஷம் கலைக்க இன்னும் ஒரு மணி நேரம்.

வேஷம் கலைக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சோப்பு முதலில் போடாதீர்கள், அரிதாரம் எண்ணெயில்தான் இளகும். இரண்டு தேக்கரண்டி தேங்காயெண்ணெயை முகத்தில் தடவி இரண்டு நிமிஷம் விடுங்கள். பஞ்சால் நெற்றியிலிருந்து கீழே துடையுங்கள், கண் மையைக் கடைசியாக வேறு பஞ்சால். தாடி ஒட்டிய பசையைப் பிய்க்காதீர்கள். ஓரத்தில் எண்ணெய் இறக்கி மெல்லச் சுருட்டினால் வரும், பிய்த்தால் தோல் உரிந்து மறுநாள் முகக்கவசம் பட்டு எரியும். பிறகுதான் சோப்பு. கடைசியாகக் காதுமடலுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஜிகினா அங்கேதான் ஒளிந்திருக்கும், அதை வார்டில் முதலில் பார்ப்பவர் ஹெட் நர்ஸ்.

வணக்கம்.