ஆற்றின் அக்கரை நர்ஸ்: அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் உரிமம் எங்கே சிக்குகிறது?

அவையோருக்கு வணக்கம்.

ஒரு மருந்துக் குப்பியின் மேல் ஒட்டிய சீட்டிலிருந்து தொடங்குகிறேன். 'ஒன்ஸ் எ டே' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது, நாளுக்கு ஒருமுறை. அதில் 'ஒன்ஸ்' (once) என்ற சொல்லின் நான்கு ஆங்கில எழுத்தை ஸ்பானிய மொழி மட்டுமே தெரிந்தவர் 'ஒன்ஸே' என்று படிப்பார். பொருள் பதினொன்று. இரத்த அழுத்த மாத்திரையை நாளுக்குப் பதினொன்று விழுங்கினால் என்ன ஆகும் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெக்சஸின் எல்லை ஊர்களான எல் பாசோவிலோ லரேடோவிலோ சீட்டைக் கையில் கொடுக்கும்போதே நோயாளியின் மொழியில் ஒரு வார்த்தை சொல்ல நர்ஸ் ஒருவர் இருந்தால், இந்தத் தவறு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

மொழி மட்டும் போதுமென்றால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றைப் பாருங்கள். காய்ச்சலும் தொண்டைவலியும் வாய்ப்புண்ணுமாக ஒருவர் வருகிறார். "நியோமெலுப்ரினா போட்டேன்" என்கிறார். அது மெட்டமிசோல். அமெரிக்காவில் 1977இலேயே விலக்கப்பட்ட மருந்து. மெக்சிகோவில் சர்வசாதாரணமாகப் புழங்குவது. அரிதாக இரத்த வெள்ளணுக்களைச் சரித்துவிடும் என்பதால்தான் விலக்கினார்கள். டெக்சஸில் மட்டுமே படித்த நர்ஸ் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். மெக்சிகோவில் படித்தவருக்கு உடனே பொறி தட்டும். இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று டாக்டரிடம் சொல்வார்.

அப்படிப்பட்டவர் எல்லைப் பாலத்துக்கு அக்கரையில், மெக்சிகோவில் இருக்கிறார். இக்கரையிலேயே குடியேறி, முதியோரைக் கவனிக்கும் உதவியாளராக வேலை பார்ப்பவர்களும் உண்டு. இவ்விருவரின் வழியும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் பணத்தை விடுகிறார்கள். வேலைக்காக விசா கேட்பவருக்கு 1996ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 343ஆம் பிரிவின்படி, படிப்பையும் உரிமத்தையும் ஆங்கில அறிவையும் சரிபார்த்துத் தரும் 'விசாஸ்கிரீன்' சான்றிதழ் கட்டாயம். ஏற்கெனவே நிரந்தர வசிப்புரிமை உள்ளவருக்கு அது தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது மாநில நர்சிங் வாரியத்தின் உரிமம் மட்டும்.

சரி, உரிமம் கேட்பவரின் கோப்பு எங்கே நிற்கிறது? முதலில் படிப்பின் பெயரில். மெக்சிகோவில் நர்ஸ் என்றால் ஒரே படிப்பு அல்ல. லைசென்சியாத்தூரா என்பது பல்கலைக்கழகப் பட்டம்: பெரும்பாலும் நான்கு ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு சமூகச் சேவை, பிறகு பட்டமும் 'செதுலா' என்ற தொழில் அடையாள அட்டையும். தெக்னிக்கோ என்பது மேல்நிலைப் பள்ளியோடு சேர்ந்த தொழிற்படிப்பு. இரண்டு பேரும் அங்கே ஒரே வார்டில் வேலை பார்த்திருப்பார்கள். அமெரிக்காவிலோ முதலாமவர் பதிவுபெற்ற நர்ஸ் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாமவரை அதற்கு ஒரு படி கீழான தொழிற்பயிற்சி நர்ஸாகத்தான் பார்ப்பார்கள், அதுவும் கேள்விகளோடு. மெக்சிகோ, கனடா நாட்டுத் தொழில்வல்லுநர்களுக்கு வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் தரும் வேலை விசா டிஎன்; அதன் பட்டியலில் அந்தக் கீழ்ப்படி இல்லவே இல்லை. தெக்னிக்கோ படித்தவருக்கு டிஎன் விசா வாங்கித் தருகிறேன் என்று எவராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, அங்கே படித்ததை அமெரிக்கப் படிப்போடு ஒப்பிடும் பாடவாரியான மதிப்பீடு. 1977இல் தொடங்கிய, இப்போது ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம்தான் இதில் மூத்தது. மதிப்பெண் பட்டியலை, விண்ணப்பதாரர் படித்த கல்லூரியே நேரடியாக அனுப்ப வேண்டும். விண்ணப்பதாரர் கையில் இருக்கும் அசல்கூடச் செல்லாது. மாதக்கணக்கில் தாமதம் ஆவது பெரும்பாலும் இங்கேதான், கல்லூரி அலுவலக மேசையில். கலிஃபோர்னியாவில் கூடுதலாக ஒரு சிக்கல்: ஒரு பாடத்தின் வகுப்பும் வார்டுப் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும். மனநலப் பாடத்தை இரண்டாம் ஆண்டில் படித்துவிட்டு, பயிற்சியை நான்காம் ஆண்டில் முடித்திருந்தால், மொத்த மணிநேரம் சரியாக இருந்தாலும் குறை என்றே எழுதுவார்கள். இந்த விதியில் சிக்கிய பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் ஏராளம்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். சின்ன விஷயம் என்று நினைப்போம்; தேர்வறை வாசலில் திருப்பி அனுப்புவது இதுதான். மெக்சிகோக்காரருக்குத் தந்தைவழி ஒன்று, தாய்வழி ஒன்று என இரண்டு குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் இரண்டும் இருக்கும். ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும்போது ஒன்றை விட்டுவிடுவார். வாரிய விண்ணப்பத்தில் இரண்டாவதைக் கடைசிப் பெயராகப் போடுவார். இப்போது கணினியில் மூன்று ஆள். தேர்வு அனுமதியில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டணமும் போச்சு. முதல் படிவத்தை நிரப்பும்போதே பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள்.

நர்ஸ் உரிமத்துக்கு எழுத வேண்டிய கணினித் தேர்வின் பெயர் என்க்ளெக்ஸ். கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் மேலும் 150. 5 மணி நேரம், குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. விடைக்குத் தகுந்தபடி அடுத்த கேள்வியின் கடினம் கூடும் அல்லது குறையும். 85இல் திரை நின்றுவிட்டால் தோல்வி என்று அழுதுகொண்டு வெளியே வருபவர்கள் உண்டு. ஜெயித்தாலும் நிற்கும், தோற்றாலும் நிற்கும். வெற்றியா தோல்வியா என்பதில் கணினிக்கு 95 சதவீத உறுதி வந்துவிட்டது, அவ்வளவுதான். தோற்றால் 45 நாள் காத்திருந்து மறுபடி எழுதலாம்.

நன்றாக வேலை தெரிந்தவர்கள் ஏன் தோற்கிறார்கள்? மருந்தறிவு குறைவதால் அல்ல. டாக்டர் உத்தரவை எதிர்பார்த்துப் பழகியவர் "டாக்டருக்குத் தெரிவி" என்ற விடையை முதலில் தொடுகிறார். தேர்வோ, நோயாளியை நீ முதலில் பரிசோதித்தாயா என்று பார்க்கிறது. அதேசமயம் பரிசோதனை விவரம் கேள்வியிலேயே முழுதாக இருந்தால், மறுபடி பரிசோதிப்பது தவறான விடை. இந்த நுணுக்கத்துக்குத்தான் பயிற்சி வேண்டும்.

அளவுகளும் காலை வாரிவிடும். ஒரு குழந்தை 22 பவுண்டு. 2.2ஆல் வகுத்தால் 10 கிலோ. அசிட்டமினோஃபென் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 150. சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம், ஆக 4.7 மில்லிலிட்டர். கிலோவில் பழகிய கண் 22ஐக் கிலோவாகவே எடுத்துக்கொண்டால் 330 மில்லிகிராம், 10 மில்லிலிட்டருக்கும் மேல். போதாததற்கு இந்த மருந்தை அக்கரையில் பாராசிட்டமால் என்பார்கள். தாய் அங்கே வாங்கிய ஒன்றையும் இங்கே கொடுத்த ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

தேர்வில் வென்றாலும் உரிமம் உடனே கைக்கு வராது. டெக்சஸில் மாநிலச் சட்டம் பற்றிய தனித் தேர்வு, கைரேகைச் சோதனை. பிறகு சமூகப் பாதுகாப்பு எண், அதாவது வேலைக்கும் வரிக்கும் அமெரிக்க அரசு தரும் அடையாள எண். அந்த எண் வேலை விசாவில் உள்ளே வந்த பிறகுதான் கிடைக்கும். நல்லவேளை, டிஎன் பட்டியல் மாநில உரிமம் அல்லது லைசென்சியாத்தூரா, இரண்டில் ஒன்று போதும் என்கிறது. அதனால் பட்டத்தையும் விசாஸ்கிரீனையும் வைத்து உள்ளே வரலாம். ஆனால் வந்ததற்கும் உரிம எண் கிடைப்பதற்கும் இடையே சில வாரம் ஓடும். அதுவரை உதவியாளராக இருக்கட்டும் என்று மருத்துவமனை நினைக்கும். விசா கொடுத்தது நர்ஸ் வேலைக்கு. உதவியாளர் வேலையில் கைவைக்காதீர்கள்.

கலிஃபோர்னியா 2014இல் இயற்றிய சட்டம் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்குப் பதில் வரி அடையாள எண்ணை ஏற்கிறது. டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா மூன்றும் பல மாநிலங்களில் செல்லும் கூட்டு உரிமத்தில் சேர்ந்தவை. அந்தக் கூட்டு உரிமத்துக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் முடியாது. கலிஃபோர்னியா அந்தக் கூட்டில் இல்லை.

வடக்கு எல்லையையும் பாருங்கள். கனடாவின் வின்ட்சரிலிருந்து டெட்ராய்ட் மருத்துவமனைகளுக்கு நர்ஸ்கள் தினமும் பாலத்திலும் சுரங்கப்பாதையிலும் வந்து போகிறார்கள். அதே ஒப்பந்தம், அதே டிஎன். ஆனால் கனடாவின் பெரும்பகுதியில் 2015 முதல் நர்ஸ்கள் எழுதுவதே என்க்ளெக்ஸ்தான்; கனடாக்காரர் எல்லைச் சாவடியிலேயே டிஎன் அனுமதி பெறுகிறார். மெக்சிகோக்காரர் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்க வேண்டும். 2004 வரை அவர்களுக்கு ஆண்டுக்கு 5,500 பேர் என்ற உச்சவரம்பும் இருந்தது. ஒப்பந்தத்தில் எழுதியது ஒன்றுதான், நடைமுறையில் இரண்டு.

தேர்வை எளிதாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை; கேட்டால் மேலே சொன்ன சிரப்புக் கணக்கே என்னை மறுக்கும். கேட்பது வேறு. ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே பாடத்திட்டத்தை ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் புதிதாக அலசுவதை வாரியங்கள் விடலாம். கல்லூரிக்கு ஒரு கோப்பு, பாடத்திட்டம் மாறினால் மட்டும் திருத்தம். மனநலப் பயிற்சி மட்டும்தான் குறை என்றால், அதை எல்லை ஊர்க் கல்லூரிகளே வகுப்பும் வார்டும் சேர்ந்து வரும்படி ஒரே பருவத்தில் நடத்தலாம். பகலில் உதவியாளர் வேலை பார்ப்பவர்கள்தான் வரப்போகிறார்கள். ஆகவே வகுப்பு மாலையில் இருக்க வேண்டும், வார்டு சனி ஞாயிறுகளில்.