முதுகைக் காட்டிப் பேசினால்தான் கேட்கும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வாழ்த்துரைகளை நீங்களே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எட்டு நிமிடம்தான்.

'அறிவியல் மையங்களால் அதிகம் பயன்பெறுவோர் சிறுவர்களா, பெரியவர்களா?' நான் பெரியவர்கள் கட்சி. ஆனால், எதிரணித் தம்பி போகிற போக்கில் ஒன்று சொன்னாரே: 'அங்கே பெரியவர்களுக்கு ஒரே வேலை, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலைச் சுமப்பது!' நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். பாவம், நிறையச் சுமந்தவர் போலிருக்கிறது.

சுமக்கிறோம் தம்பி. ஆனால், உங்கள் சிறுவன் பொத்தானை அழுத்துகிறான். பந்து காற்றில் மிதக்கத் தொடங்கும் முன்பே அடுத்த பொத்தானுக்கு ஓடிவிடுகிறான். அப்புறம் அந்தப் பந்து யாருக்காக மிதக்கிறது? பாட்டிலோடு நிற்கிறவருக்காக! அவர்தான் குனிந்து பார்த்து, காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடி, பலகையைப் படிக்கிறார். அறிவியல் மையத்தில் பலகையைப் படிக்கிற ஒரே இனம் நாங்கள்தான்.

ஒரு வெளியூர் அறிவியல் பூங்காவுக்குப் போயிருந்தோம். ஆளுயரத்தில் இரண்டு குழித்தட்டுகள், நடுவே நல்ல தூரம். ஒன்றின் குவியத்தில் வாயை வைத்து முணுமுணுத்தால், ஒலி தட்டில் பட்டு நேராகப் போய் எதிர்த் தட்டில் பட்டு அதன் குவியத்தில் சேரும். இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் என் மனைவி. இருவரும் அவரவர் தட்டைப் பார்த்துதான் பேச வேண்டும். அதாவது, கணவனும் மனைவியும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால்தான் கேட்கும்! (பலருக்குப் பழக்கம்தான், சிரிப்பிலேயே தெரிகிறது.)

வீட்டில் சமையலறையிலிருந்து 'மோட்டாரை நிறுத்துங்கள்' என்று அவள் கத்துவது, கல்யாணமான நாளிலிருந்து என் காதில் விழுந்ததே இல்லை. தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்ன பிறகுதான் நிறுத்துவேன். அங்கேயோ அவள் முணுமுணுப்பு எழுத்தெழுத்தாக வந்து விழுகிறது! என்ன முணுமுணுத்தாள்? நடுவரே கேட்கிறார். பொறுங்கள் ஐயா. எனக்குக் கேட்காது என்று நினைத்து, பக்கத்தில் நின்ற என் அம்மாவிடம் சொல்கிறாள்: 'உங்கள் பிள்ளையைப் பாருங்கள் அத்தை, தட்டுக்குக் காது கொடுக்கிறார். எனக்கு ஒருநாள் கொடுத்ததுண்டா?' பின்வரிசைக்குக் கேட்டதா? மறுபடி சொல்கிறேன்: 'தட்டுக்குக் காது கொடுக்கிறார்!' நான் இங்கிருந்தே மெதுவாக, 'கேட்கிறது' என்றேன். துள்ளிவிட்டாள்! இந்தப் பயனை எட்டு வயதுப் பையன் அடைய முடியுமா தம்பி? முதலில் அவனுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?

1969இல் சான் பிரான்சிஸ்கோவில் 'எக்ஸ்ப்ளோரட்டோரியம்' என்ற அறிவியல் மையத்தைத் தொடங்கியவர் பிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பி. அண்ணன் தொட்டதை யாரும் தொட முடியாது. தம்பி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இன்று அங்கே வியாழன் மாலை நேரம் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். சிறுவர்களுக்கு அனுமதியே இல்லை! சுமக்கப் பாட்டிலே இல்லாமல் கூட்டம் வருகிறது.

மணி அடித்துவிட்டீர்கள். என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். அதே பூங்காவில் கப்பிகள் கட்டிய நாற்காலிகள் இருந்தன. உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் நம்மை நாமே தூக்கிக்கொள்ளலாம். தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். கயிற்றில் கை பட்டதும் தயக்கம் போய்விட்டது. ஒரு கை பிடித்திருக்க மறு கை மேலே போகும் கிணற்றடிப் பழக்கம். ஒரு சாண்கூட நழுவவில்லை. உயரே இருந்துகொண்டு சொன்னார்: 'பாரம் குறைகிறது, ஆனால் கயிறு நிறைய இழுக்க வேண்டியிருக்கிறதே!' எந்தப் பலகையையும் அவர் படிக்கவில்லை. கிணற்று ராட்டினம் ஒற்றைக் கப்பி. இழுக்கும் திசையைத்தான் மாற்றும், குடத்தின் பாரத்தைக் குறைக்காது. அதை அவர் தோள் அறியும். இறங்கி வந்து, 'இப்படிக் கட்டலாம் என்று அப்போது ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே' என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நான் பொறியியல் படித்தவன் ஐயா. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் படித்தேன்.

அப்புறம் வரிசையில் நின்ற பிள்ளைகளிடம், 'பாட்டி இன்னொரு தடவை ஏறட்டுமா கண்ணுகளா?' என்று கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் விலகி வழிவிட்டன. சிறுவர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் நடுவர் அவர்களே, நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். நன்றி, வணக்கம்.