ஐஸ் தொட்டியில் மேரி ஷெல்லி

(திரையில்: அலை வாசல்வரை வந்து போகும் ஒரு வெள்ளை வீடு)

1822 ஜூன் 16. இத்தாலியில் லெரிச்சிக்கு அருகே ஒரு கடற்கரை வீடு. கருச்சிதைவால், ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எழுதிய மேரி ஷெல்லிக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. டாக்டர் இன்னும் வந்து சேரவில்லை. கணவர் பெர்சி ஷெல்லி தயங்கவே இல்லை. ஐஸ் நிரப்பிய தொட்டியில் அவரை உட்கார வைக்கிறார். ரத்தம் நிற்கிறது. மேரி பிழைத்துக்கொள்கிறார்.

அதே வீட்டில் உடன் தங்கியிருந்த ஜேன் வில்லியம்ஸை எண்ணி அந்த நாட்களில் கவிதை எழுதியவரும் இதே பெர்சிதான்.

(திரையில்: 1814)

மேரிக்கு அப்போது 16 வயது. பெர்சிக்கு 21, மணமானவர், மனைவி ஹாரியட் கர்ப்பிணி. ஜூலையில் இருவரும் பிரான்சுக்கு ஓடிப்போனார்கள். இதைக் காதல் காவியமாகச் சொல்பவர்கள் ஹாரியட்டை இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்யப்போகிறேன்: 1816 டிசம்பரில் ஹைட் பார்க் ஏரியிலிருந்து அவர் உடலை எடுத்தார்கள், மூன்றே வாரத்தில் பெர்சிக்கும் மேரிக்கும் லண்டனில் திருமணம்.

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818-இல் வந்தது. அந்த ஆண்டில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மேரியும் குழந்தைகளும் அருகிலேயே இருப்பதாக, வெனிஸில் இருந்த கவிஞர் பைரனிடம் பெர்சி ஒரு பொய் சொல்லிவிட்டார். அதை மெய்யாக்க, உடனே புறப்பட்டு வரும்படி மேரிக்குக் கடிதம் போட்டார். ஆகஸ்ட் வெயிலில் நாள்கணக்காக வண்டிப் பயணம். ஒரு வயதுக் குழந்தை கிளாரா வழியிலேயே நோயில் விழுந்தாள். செப்டம்பரில் வெனிஸில் இறந்தாள். அடுத்த ஜூனில், ரோமில், மூன்று வயது வில்லியமும் காய்ச்சலில் போனான். முதல் பெண் குழந்தை 1815-லேயே பிறந்த இரண்டு வாரத்தில் இறந்திருந்தது.

மேரி வாய்விட்டுப் பழி சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார். நவம்பரில் இன்னொரு மகன் பிறந்தும் பழைய நெருக்கம் திரும்பவில்லை. ‘உன் உருவம் இங்கே இருக்கிறது, நீதான் போய்விட்டாய்’ என்ற பொருளில் பெர்சி சில வரிகள் எழுதினார். வண்டியில் வரச்சொன்னது யார் என்று அதில் ஒரு சொல் இல்லை.

(திரையில்: கடலில் ஒரு சிறு பாய்மரப் படகு)

ஐஸ் தொட்டி நாளிலிருந்து மூன்று வாரம். ஜூலை 8, லிவோர்னோவிலிருந்து திரும்பும் வழியில் புயலில் படகு மூழ்கியது. பெர்சிக்கு 29 வயது.

மகனின் வாழ்க்கை வரலாறு எதுவும் வெளிவரக்கூடாது என்று மாமனார் தடைபோட்டார். பேரனுக்கான உதவித்தொகை அவர் கையில் இருந்தது. மேரி சுற்றுவழி கண்டுபிடித்தார். 1839-இல் பெர்சியின் கவிதைகளைத் தொகுத்து, குறிப்புகள் என்ற பெயரில் அவர் வாழ்க்கையையே எழுதிச் சேர்த்தார். ‘நீதான் போய்விட்டாய்’ என்ற அந்த வரிகளையும் அதே ஆண்டு அவரே அச்சுக்குக் கொடுத்தார்.